கடலுக்குச் சூடு பார்த்தவர்

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பிரவுசிங் சென்டர் மாடிப்படிக்குக் கீழே யாராவது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தால் அது அண்ணாச்சிதான். செருப்பைக் கழற்றிவிட்டு வரும்படி நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் சிவகாசியில் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அண்ணாச்சி பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மருந்து கலக்கும் அறைக்குள் வெறுங்காலோடுதான் நுழைய வேண்டும் என்பது அங்கே விதி. இருபது வருடமாக அப்படி நுழைந்து நுழைந்து, எந்த வாசலைக் கண்டாலும் அவர் கால் தானாகச் செருப்பை உதறிவிடும். பேங்க், ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்ட் டீக்கடை என்று எல்லா இடத்திலும் வெளியே அவர் செருப்பு கிடக்கும். அதில் இரண்டு ஜோடி தொலைந்தும் போயிற்று.

மேலே ஏறி வந்து, கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, "தங்கச்சி, நம்ம கடலு எப்பிடி இருக்கு?" என்று கேட்பார்.

நம்ம கடலாம்! நாலு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊரில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வி. பக்கத்து கேபினில் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். வேம்பார் கடலில் மறுநாள் காற்றின் வேகம் எத்தனை நாட், அலை எத்தனை மீட்டர், தண்ணீர் எத்தனை டிகிரி என்று மூன்றையும் தேடி எடுத்து ஒரே தாளில் பிரிண்ட் போட்டுக் கொடுப்பேன். கைபேசியில் பேச மட்டுமே முடிந்த காலம் அது. கடலைப் பார்க்க வேண்டும் என்றால் என் கடைக்குத்தான் வந்தாக வேண்டும்.

தாளை வாங்கி, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் டிக் போடுவார். மூன்று டிக் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை அவருடைய படகு கடலில் இறங்கும். ஒன்று குறைந்தாலும், தாளின் மேல் ‘இன்று இல்லை’ என்று எழுதி, பழைய லேபிள் மாதிரிகள் வைக்கும் ஃபைலில் செருகிக்கொள்வார். அந்த ஃபைலில் ‘இன்று இல்லை’ என்ற தாள்கள்தான் ஒரு சாண் உயரம் இருந்தன.

அந்தப் படகு கதை ஒரு மத்தாப்புப் பெட்டியில் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிறவர்கள் எந்த நாட்டுப் படம் கிடைத்தாலும் எடுத்துப் போட்டுவிடுவார்கள். சங்குச் சக்கரத்துக்குப் பனிமலை, புஸ்வாணத்துக்கு ஒட்டகச்சிவிங்கி. அந்த வருடம் அண்ணாச்சி கம்பெனியின் கம்பி மத்தாப்புக்கு நீலக் கடல் வந்தது. கடல் நடுவில் சிவப்பாக, ஒல்லியாக, இரண்டு பக்கமும் கூர்மையான ஒரு படகு. முன்னும் பின்னுமாக உட்கார்ந்து இரண்டு வெள்ளைக்காரர்கள் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை அச்சடித்தது என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பிரஸ்தான். அதனால் அண்ணாச்சியைப் பிடித்த பைத்தியத்தில் எங்கள் குடும்பத்துக்கும் பங்கு உண்டு.

சீசன் முழுக்க அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர், தீபாவளி லோடு எல்லாம் ஏறி முடிந்த மறுநாள் ஒரு பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வேம்பாருக்குப் பஸ் ஏறினார். அது மதினியின், அதாவது அண்ணாச்சி மனைவியின் ஊர். மதினியின் தம்பி அங்கே மீனவர்களுக்கு பைபர் வள்ளம் செய்துகொடுக்கிறவர். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மச்சான், இதுல மீனு பிடிக்க முடியாதே" என்றாராம். "மீனு பிடிக்க இல்லல, சும்மா போகத்தான்" என்றாராம் இவர். சும்மா போவதற்கு ஒரு படகா என்று வேம்பாரே வந்து வேடிக்கை பார்த்தது. செய்து முடித்துச் சிவப்பு பெயின்ட் அடித்ததும் அதற்குச் சிவகாசி ராக்கெட்டு என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அதன் சரியான பெயர் கயாக் என்பதை நான்தான் இன்டர்நெட்டில் தேடிச் சொன்னேன். "நம்ம ஊருக்கு ராக்கெட்டுதான் பொருத்தம்" என்றார் அண்ணாச்சி.

கயாக் ஓட்டுவதைப் பற்றி ஆங்கிலத்தில் இருந்ததை எல்லாம் நான் படித்துத் தமிழில் சொல்ல, அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது அது. தண்ணீர் பதினைந்து டிகிரிக்குக் கீழே போனால் விழுந்த பத்து நிமிடத்தில் கை மரத்துவிடும், அதனால் வெப்பநிலை பார்க்காமல் கடலில் இறங்காதே என்று இருந்தது. இதை நான் சொன்னதும் அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடல்காரர்களும் தன்னைப் போலத்தான் என்று கண்டுகொண்ட சந்தோஷம். அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். அதனால் எந்தக் குவியலையும் புறங்கையால் சூடு பார்க்காமல் அவர் தொட்டதில்லை.

"நம்ம கடலு எப்பம் தங்கச்சி பதினஞ்சுக்கு வரும்?"

"வரவே வராது அண்ணாச்சி. எப்பவும் இருபத்தெட்டு, இருபத்தொம்பதுதான்."

"வந்துட்டா?"

அவருக்கே உரிய ஒரு தப்பையும் செய்தார். முதன்முதலாகக் கடல் வெப்பப் படத்தைக் கலர் பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது, உலகமெல்லாம் நீலமும் பச்சையுமாக இருக்க, நம் பக்கத்துக் கடல் மட்டும் ரத்தச் சிவப்பாக இருந்தது. தாளை வாங்கிப் பார்த்தவர் டிக் போடாமல் பென்சிலைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாலு வாரமும் வந்தார், படத்தைப் பார்த்தார், போனார். படகு இறங்கவில்லை. அவர் தொழிலில் சிவப்பு என்றால் வேலையை நிறுத்து, வெளியே வா என்று அர்த்தம். ஐந்தாவது வாரம்தான், "கடலு எப்பந்தான் தங்கச்சி ஆறும்?" என்று கேட்டார். சிவப்பு என்றால் இருபத்தொன்பது டிகிரிதான், உங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் இதைவிடச் சூடு என்று விளக்கினேன். "அட, இம்புட்டுத்தானா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் கேபின் திரைகள் எல்லாம் விலகின.

மதினி எதற்கும் அசராத மனுஷி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை புளியோதரை கட்டிக்கொண்டு அவரோடு வேம்பாருக்குப் போவார். அங்கே படகு இறங்கினாலும் இறங்காவிட்டாலும் புளியோதரை தீர்ந்துவிடும். ஒருநாள் என்னிடம், "என்னயப் பொண்ணு பாக்க வந்தவுக சரின்னு சொல்ல ஒரு வருசம் எடுத்துக்கிட்டாக. அந்தக் கடலு என்னத்தக் கண்டுச்சு, இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டு அவரைப் பார்த்தார். அண்ணாச்சி, "பாத்து எடுத்தது வீணாப் போயிருச்சா?" என்றார். மதினிக்கு அந்த வயதிலும் வெட்கம் வந்தது.

அவர்களோடு நானும் நாலைந்து முறை வேம்பாருக்குப் போயிருக்கிறேன். தாளில் மூன்று டிக் விழுந்த பிறகும் கரையில் அவர் செய்யும் சடங்குகள் இருக்கின்றனவே, அவற்றைப் பார்க்கத்தான் மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பார்கள். முதலில் செருப்பு. பிறகு சாவி, சில்லறை, கைக்கடிகாரம், அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து உட்பட உலோகம் எல்லாம் ஒரு டப்பாவுக்குள். நைலான் சட்டைக்காரர் யாரும் படகைத் தொடக் கூடாது. அப்புறம் ஈர மணலில் குனிந்து இரண்டு உள்ளங்கையையும் அழுத்திக் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். கடல் மாதாவைக் கும்பிடுகிறார் என்று நினைத்து ஒரு மீன்கார அம்மா தானும் குனிந்து கும்பிட்டார். எனக்கும் முதலில் மெய்சிலிர்த்தது. விசாரித்தால், கதை வேறு. மருந்து அறைக்குள் போகும் முன் வாசலில் இருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட வேண்டுமாம். கடற்கரையில் தகடு இல்லாததால் மணல். உலோகமும் நைலானும் பொறி கிளப்பும் என்பதும் அந்த அறையின் விதிதான்.

"கடலு வெடிக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பழக்கத்த எடத்துக்கு எடம் மாத்துனா மறந்துரும் தங்கச்சி" என்றார்.

கடைசியாக, சணலில் கட்டிய வெப்பமானியை முழங்கால் ஆழத் தண்ணீரில் விட்டுத் தூக்கிப் பார்ப்பார். தாளில் போட்டிருக்கும் எண்ணும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். இவ்வளவும் ஆன பிறகு அவரும் மச்சினரும் ஏறி, கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்புவார்கள். திரும்பி வரும்போது அண்ணாச்சியின் முகம் தலைத் தீபாவளி மாப்பிள்ளை முகம்போல இருக்கும்.

எனக்கும் அந்தப் படகில் ஏற வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. திருச்செந்தூரில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனைய நின்றதோடு என் கடல் முடிந்துபோனது. ஆனால் துடுப்பை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் போட்டால் எந்தப் பக்கம் திரும்பும், கவிழ்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கயாக் பற்றி அந்த ஜில்லாவிலேயே அதிகம் படித்தவள் நான். படித்து என்ன? அண்ணாச்சியிடம் கேட்டபோது உடனே சரி என்றார். கூடவே ஒரு விதியும் போட்டார். "எனக்குன்னா காத்து பன்னெண்டு நாட் வரைக்கும் போலாம். ஒங்களுக்குன்னா எட்டுதான். எட்டத் தாண்டுனா கெடையாது."

எட்டு வரவே இல்லை. நான் போன ஞாயிறுகளில் எல்லாம் ஒன்பது, பத்து, பதினொன்று. நான் மதினியோடு உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன். இப்படியே ஒரு வருடம் போனது. அதற்குள் என் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய பிரஸ்ஸில் வேலை கிடைத்து, கடையை விற்பது என்று முடிவாகி, சாமான் ஏற்ற லாரியும் பேசியாயிற்று. லாரி வருவது பங்குனிக் கடைசியில், அதற்கு இரண்டு ஞாயிறுகள்தான் மிச்சம். முதல் ஞாயிறு காற்று ஆறு, அலை அரை மீட்டருக்கும் கீழே, தண்ணீர் இருபத்தெட்டுப் புள்ளி ஆறு. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது அந்தத் தாள். ஆனால் அன்றைக்குத்தான் இருக்கன்குடியில் நாத்தனார் பிள்ளைக்கு முடியிறக்கு. நான் போகாமல் எப்படி? மாரியம்மன் முன்னால் நின்றுகொண்டு, இந்த நேரம் வேம்பாரில் காற்று எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆத்தா மன்னிக்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை நானே தேடிப் பார்த்தேன். மறுநாளைக்குக் காற்று பதினாறு, அலை ஒன்றரை மீட்டர். வியாழக்கிழமை லாரி வந்துவிடும். ஞாயிறு விட்டால் அண்ணாச்சிக்கு வேறு நாள் கிடையாது. சொந்தத் தங்கச்சி வளைகாப்புக்கே லீவு போடாத மனுஷன் என்று மதினி சொல்லியிருந்தார். எனக்கு என்ன புத்தி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. போன வாரத்துத் தாளை மறுபடி ஒரு பிரிண்ட் போட்டேன். அடியில் தேதி இருந்தது. கத்தரியை எடுத்து அந்த வரியை மட்டும் நறுக்கிப் போட்டேன். கடற்கரைக்குப் போனால் அவரே காற்றைப் பார்த்துக்கொள்ளப்போகிறார், நான் கேட்பது ஒரு வாய்ப்புத்தானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அண்ணாச்சி வந்தார். தாளை வாங்கினார். மூன்று டிக்கும் போட்டார். ஃபைலில் செருகப் போனவர் நிறுத்தி, மற்றத் தாள்களோடு சேர்த்துத் தட்டிப் பார்த்தார். இது மட்டும் ஒரு விரல் அகலம் குட்டையாக நின்றது.

"தாளு ஒரு வெரக்கட கொறையுதே தங்கச்சி."

அவர் ஃபைலிலிருந்து போன வாரத்துத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஆறு, ஆறு. இருபத்தெட்டுப் புள்ளி ஆறு, இருபத்தெட்டுப் புள்ளி ஆறு. எனக்குக் காது வரை சுட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு யூனிட்டு. அங்கன ஒரு சின்ன வயசு போர்மேன். தெனமும் காலைல மருந்து ரூம்ல வெக்கை எம்புட்டுன்னு பாத்து எழுதணும். அன்னைக்கு ஆர்டர் அவசரம். நேத்து என்ன எழுதியிருந்துச்சோ அதயே பாத்து எழுதிட்டான். தெனமும் ஒண்ணுபோலத்தான இருக்குன்னு நெனப்பு. அன்னைக்கே மருந்து பத்திக்கிருச்சு. யாரும் சாகல. ஆனா ஒருத்தன் ரெண்டு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தான்."

அந்தப் போர்மேன் யார் என்று நான் கேட்கவில்லை. அண்ணாச்சிக்கு இடது புருவம் கிடையாது. அது எங்கே போனது என்று கேட்பவர்களிடம், எலி தின்றுவிட்டது, உங்கள் மதினி சிரைத்துவிட்டாள், வட்டிக்கு வைத்திருக்கிறேன் என்று ஆளுக்கு ஒரு பதில் சொல்லிச் சிரிக்க வைப்பார். அன்றைக்கு அவர் விரல் அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. நான் அழுதுவிட்டேன்.

"ஏன் அழுகீக? ஆச வச்சா அப்பிடித்தான் கை போகும். கண்ணத் தொடச்சிட்டு, பொதங்கெழமைக்கு எப்பிடி இருக்குன்னு பாருங்க."

"பொதங்கிழமை உங்களுக்கு வேலை நாளாச்சே அண்ணாச்சி."

"அத நான் பாத்துக்கிடுதேன். நீங்க கடலப் பாருங்க."

தேடிப் பார்த்ததில் புதன்கிழமை காலைக்குக் காற்று ஏழு, அலை அரை மீட்டருக்குக் கீழே, தண்ணீர் இருபத்தெட்டுப் புள்ளி நாலு. கீழே தேதியோடு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அண்ணாச்சி லீவு கேட்டதும் முதலாளி பதறிப்போய், ராத்திரியே மதினிக்குப் போன் போட்டு, அவருக்கு என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாராம். கடலுக்குப் போகிறார் என்று மதினி சொன்னதில் இன்னும் பயந்துவிட்டாராம்.

புதன்கிழமை காலை வேம்பாரில் கடல் தட்டில் ஊற்றிய கஞ்சிபோல அசையாமல் கிடந்தது. பருத்திச் சுடிதார் போட்டு, அண்ணாச்சி கொடுத்த லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். என் கொண்டை ஊசிகூட டப்பாவுக்குள் போனது. தாலியை மட்டும் என்ன செய்வது என்று அவர் யோசிக்க, "அது தங்கம், ஒண்ணும் செய்யாது, பேசாம போங்க" என்று மதினி அதட்டினார். ஈர மணலில் நானும் கையை அழுத்தினேன். சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

வெப்பமானியைத் தண்ணீரில் விட்டுத் தூக்கி, அவர் பார்க்காமல் என்னிடம் நீட்டினார். "இருபத்தெட்டுப் புள்ளி நாலு" என்றேன். நோட்டையும் பென்சிலையும் கொடுத்தார். "எழுதுங்க. மேல இன்னைக்கித் தேதி போட்டு எழுதுங்க." எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக அதற்கு முன் வந்ததில்லை.

நான் முன்னால், அவர் பின்னால். மச்சினர் தள்ளிவிட்டார். படித்ததெல்லாம் முதல் நிமிடத்திலேயே பறந்துபோய், துடுப்பைத் தலைகீழாகப் பிடித்து என் முகத்திலேயே தண்ணீரை வாரி அடித்துக்கொண்டேன். பின்னாலிருந்து, "இன்டர்நெட்டுல இப்பிடியா போட்டிருந்துச்சு?" என்று குரல் வந்தது. பிறகு கை பழகியது. படகு போனது! அடியில் ஒரு சத்தமும் இல்லாமல், நான் இழுத்த இழுப்புக்குப் போனது. கை எட்டும் தூரத்தில் தண்ணீர். பச்சையும் இல்லை, நீலமும் இல்லை, அதற்குத் தமிழில் பெயர் இருக்கிறதா என்று தெரியவில்லை. கரையில் மதினி ஒரு விரல் உயரத்துக்குச் சிறுத்துப்போனார். கோயம்புத்தூர், லாரி, விற்றுப்போன கடை எதுவும் நினைவில் இல்லை. இப்படியே இலங்கை வரைக்கும் போகச் சொன்னாலும் போயிருப்பேன்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. இடது காதோரம் முடி எழும்பி முகத்தில் விழுந்தது. ஒதுக்கினேன். மறுபடி விழுந்தது. தண்ணீரின் மேல் தோல் லேசாகச் சுருங்குவதைப் பார்த்தேன். பின்னால் அண்ணாச்சி துடுப்புப் போடுவதை நிறுத்தியிருந்தார். இன்னும் ஐந்து நிமிடம் போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வியாழக்கிழமை லாரி. இனி எப்போது?

"அண்ணாச்சி, காத்து எட்டத் தாண்டிருச்சு" என்றேன். "திரும்பிருவோம்."

பின்னால் அவர் துடுப்பு விழுந்தது. படகின் மூக்கு மெதுவாகக் கரைப் பக்கம் திரும்பியது.

கரையில் மதினி இடுப்பில் கைவைத்து நின்றார். "இம்புட்டு நாளு அந்தப் புள்ளயக் காக்க வச்சிட்டு, போன வேகத்துல திரும்பிட்டீகளே. ஏன், என்னாச்சு?"

அண்ணாச்சி இறங்கி, சணலைச் சுருட்டிக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டினார்.

"எங்கிட்ட ஏன் கேக்க? போர்மேன் அவுகதான், அவுககிட்ட கேளு."